வீட்டிலேயே டேகேர் நடத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் தடுக்க முடியுமா? கலிஃபோர்னியா சட்டம் சொல்வது என்ன?

குடியிருப்புத் தெருவில் ஒரு வீடு. காலை 8 மணிக்கு நான்கைந்து கார்கள் வந்து நின்று, குழந்தைகளை இறக்கிவிட்டுப் போகின்றன. பகலில் பின்பக்கத் தோட்டத்தில் குழந்தைகள் விளையாடும் சத்தம். மாலையில் மறுபடியும் கார்கள். இது வீடா, தொழில் நடக்கும் இடமா?

அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நகராட்சிகள், வீட்டு உரிமையாளர்கள், பெற்றோர் என எல்லாரையும் சண்டைக்கு இழுத்த கேள்வி இது. 'குடியிருப்புப் பகுதியில் தொழில் கூடாது' என்று அண்டை வீட்டார் சொல்ல, 'குழந்தைகளை வீட்டில் பார்த்துக்கொள்ளாமல் வேறு எங்கே பார்ப்பது?' என்று டேகேர் நடத்துபவர்கள் கேட்டார்கள். நடுவில் மாட்டியது வேலைக்குப் போகும் பெற்றோர். ஒரு டேகேர் மூடப்பட்டால், அடுத்த திங்கட்கிழமை குழந்தையை எங்கே விடுவது என்பதுதான் அவர்களின் பிரச்னை.

இந்தச் சண்டைக்கு கலிஃபோர்னியா மாநிலம் 2019-ல் ஒரு தெளிவான பதிலைச் சட்டமாக்கியது. சான் ஹோசே, ஃப்ரீமான்ட், சன்னிவேல் என்று தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் ஊர்களும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. சட்டம் சொல்வது என்ன, யாருக்கு என்ன உரிமை, எங்கே கவனமாக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், ஜோனிங் என்றால் என்ன?

ஒரு ஊரின் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, 'இங்கே வீடு மட்டும்', 'இங்கே கடை', 'இங்கே தொழிற்சாலை' என்று வரையறுப்பதுதான் ஜோனிங். தமிழ்நாட்டில் டிடிசிபி, சிஎம்டிஏ வரைபடங்களில் குடியிருப்பு மண்டலம், வணிக மண்டலம் என்று பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

நியூயார்க் நகரம் 1916-ல் ஊர் முழுவதற்குமான ஜோனிங் விதியைக் கொண்டுவந்தது. 1926-ல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில், இப்படி மண்டலம் பிரிக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகு நாடு முழுவதும் இந்த முறை பரவியது.

இதன் நோக்கம் நியாயமானதுதான். வீட்டுக்குப் பக்கத்தில் திடீரென ஒரு தோல் பதனிடும் ஆலை வந்துவிடக் கூடாது. ஆனால், அதே விதி சிறிய, தீங்கில்லாத வேலைகளையும் வீட்டை விட்டு வெளியே தள்ளியது.

டேகேர் இதில் எங்கே மாட்டியது?

வீட்டிலிருந்து செய்யும் தொழில்களுக்குப் பெரும்பாலான ஊர்களில் தனி விதிகள் உண்டு. வெளியாட்களை வேலைக்கு வைக்கக் கூடாது, வாடிக்கையாளர்கள் அதிகமாக வந்துபோகக் கூடாது, வெளியே போர்டு வைக்கக் கூடாது, வீட்டின் ஒரு சிறு பகுதியை மட்டுமே தொழிலுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது போன்றவை.

வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு இந்த விதிகள் சரிப்படும். டேகேருக்குச் சரிப்படாது. குழந்தைகள் வந்துபோகத்தான் செய்வார்கள். கூடம், சமையலறை, தோட்டம் எல்லாம் பயன்படும். எண்ணிக்கை கூடினால் உதவியாளர் கட்டாயம் வேண்டும். அதாவது, டேகேரின் அடிப்படைத் தேவைகளே விதிமீறலாகக் கணக்கில் வந்தன.

2019-க்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது?

கலிஃபோர்னியாவில் வீட்டு டேகேர்கள் இரண்டு வகை. சிறியவை, பெரியவை. சிறியவற்றுக்கு அப்போதே சட்டப் பாதுகாப்பு இருந்தது. சிக்கல் பெரியவற்றில்தான்.

பெரிய டேகேரை ஒரேயடியாகத் தடை செய்ய நகராட்சிக்கு அதிகாரம் இல்லை. ஆனால், அனுமதி வாங்கச் சொல்லலாம். ஒரு டேகேருக்கும் அடுத்த டேகேருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், வாகன நெரிசல், பார்க்கிங், சத்தம் ஆகியவற்றுக்கெல்லாம் நிபந்தனை போடலாம். முடிவெடுப்பதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு, 100 அடி சுற்றளவில் சொத்து வைத்திருப்பவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். யாராவது கேட்டால் விசாரணைக் கூட்டமும் நடக்கும்.

இதன் விளைவு என்ன? ஒருவர் மாநில அரசின் உரிமத்துக்கான தகுதிகளை எல்லாம் பெற்றிருந்தாலும், உள்ளூர் அனுமதிக்குத் தனியாகக் கட்டணம் கட்டி, காத்திருந்து, அண்டை வீட்டாரின் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே மாநிலத்தில், ஒரு ஊரில் எளிதாகக் கிடைப்பது அடுத்த ஊரில் கிடைக்காது. அந்தப் பாதுகாப்பும் தனி வீடுகளுக்குத்தான். அடுக்குமாடியில் இருந்தால் இன்னும் சிக்கல்.

எஸ்.பி. 234 என்ன மாற்றியது?

மாநில செனட் உறுப்பினர் நான்சி ஸ்கின்னர் கொண்டுவந்த எஸ்.பி. 234 மசோதாவில், ஆளுநர் கேவின் நியூசம் 2019-ல் கையெழுத்திட்டார். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதன் சாரம் ஒரே வரிதான்: வீட்டில் நடத்தப்படும் டேகேர், சிறியதானாலும் பெரியதானாலும், குடியிருப்புப் பயன்பாடாகவே கருதப்படும். அதாவது, சட்டத்தின் பார்வையில் அந்த வீடு வீடுதான். கடை இல்லை.

இதனால் கிடைத்தவை:

- டேகேருக்கென நகராட்சியிடம் தனி ஜோனிங் அனுமதி வாங்கத் தேவையில்லை.
- டேகேர் நடத்துவதற்காக உள்ளூர் தொழில் உரிமம், கட்டணம், வரி எதுவும் விதிக்கக் கூடாது.
- தனி வீடு மட்டுமல்ல, டவுன்ஹவுஸ், அடுக்குமாடி என்று குடியிருப்புக்கு அனுமதி உள்ள இடம் எதுவானாலும் நடத்தலாம்.
- மாநிலத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுச் சட்டத்தைக் காட்டியும் தடுக்க முடியாது.

ஆக, தலைப்பில் உள்ள கேள்விக்கு நேரடி பதில்: 'குடியிருப்புத் தெருவில் டேகேர் கூடாது' என்ற ஒரே காரணத்துக்காக கலிஃபோர்னியாவில் பக்கத்து வீட்டுக்காரர் தடுக்க முடியாது.

எத்தனை குழந்தைகள் வரை?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். எண்ணிக்கையோடு சேர்த்து வயதும் கணக்கில் வரும். 2 வயதுக்குக் கீழே இருந்தால் கைக்குழந்தை.

சிறிய டேகேர்: கைக்குழந்தைகள் மட்டும் என்றால் 4 பேர். கலந்து என்றால் 6 பேர். அதில் கைக்குழந்தைகள் 3 பேருக்கு மேல் கூடாது. சில நிபந்தனைகளோடு 8 பேர் வரை போகலாம். அந்த நிபந்தனைகள்: ஒரு குழந்தையாவது பள்ளிக்குப் போக வேண்டும், இன்னொரு குழந்தைக்குக் குறைந்தது 6 வயது ஆகியிருக்க வேண்டும், கைக்குழந்தைகள் 2 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, எண்ணிக்கை கூடுவதை எல்லாப் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும்.

பெரிய டேகேர்: 12 பேர், அதில் கைக்குழந்தைகள் 4 பேருக்கு மேல் கூடாது. இதேபோன்ற நிபந்தனைகளோடு 14 பேர் வரை போகலாம். அப்போது கைக்குழந்தைகள் 3 பேர்தான். உதவியாளர் ஒருவர் கட்டாயம். எடுத்த எடுப்பிலேயே பெரிய உரிமம் கிடைக்காது. சிறிய டேகேரையோ, உரிமம் பெற்ற மையம் ஒன்றையோ குறைந்தது ஓராண்டு நடத்திய அனுபவம் வேண்டும்.

'என் சொந்தப் பிள்ளைகளும் கணக்கில் வருவாங்களா?' என்று கேட்கலாம். ஆம். 10 வயதுக்கு உட்பட்ட சொந்தக் குழந்தைகள் வீட்டில் இருந்தால் அவர்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தால், 6 பேருக்கான இடத்தில் வெளியிலிருந்து 4 பேரைத்தான் சேர்க்க முடியும்.

இன்னொரு முக்கிய நிபந்தனை: உரிமம் பெறுபவர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, யாரும் குடியிருக்காமல் டேகேராக மட்டும் நடத்தினால் இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. அது மையம் என்ற கணக்கில் போய்விடும். மையத்துக்கு ஜோனிங் விதிகள் வேறு.

அப்போ, நகராட்சிக்கு அதிகாரமே இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கட்டடத்தின் உயரம், சுற்றிலும் விடவேண்டிய இடம், மனையின் அளவு ஆகியவற்றுக்கான விதிகள் டேகேர் வீட்டுக்கும் பொருந்தும். சத்தம், தொல்லை பற்றிய விதிகளும் பொருந்தும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்த விதி, அதே மண்டலத்தில் உள்ள மற்ற எல்லா வீடுகளுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 'டேகேர் என்பதால் உனக்கு மட்டும் தனி விதி' என்று சொல்லக் கூடாது.

உதாரணமாக, பக்கத்து வீட்டின் கார் வழியை மறித்து ஒரு பெற்றோர் வண்டியை நிறுத்தினால், அது போக்குவரத்து விதிமீறல். அதற்குப் புகார் கொடுக்கலாம், அபராதமும் விழலாம். ஆனால், டேகேருக்கென்று இத்தனை பார்க்கிங் இடம் கூடுதலாகக் காட்டு என்று நகராட்சி கேட்க முடியாது.

வாடகை வீடு என்றால்?

வாடகை வீட்டிலும் நடத்தலாம். 'இந்த வீட்டில் டேகேர் நடத்தக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அந்த வரி சட்டப்படி செல்லாது. டேகேர் நடத்துகிறார் என்பதற்காக வீடு தர மறுப்பதும், காலி செய்யச் சொல்வதும் தவறு.

ஆனால், வாடகைதாரருக்கும் கடமைகள் உண்டு:

- டேகேர் தொடங்குவதற்கு 30 நாள் முன்பு வீட்டு ஓனருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.
- சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்புக்குள் ஓனர் டெபாசிட்டைக் கூட்டிக் கேட்கலாம்.
- சிறிய டேகேரில் 6 பேருக்கு மேலோ, பெரிய டேகேரில் 12 பேருக்கு மேலோ சேர்க்க வேண்டுமானால் ஓனரின் எழுத்துமூல சம்மதம் கட்டாயம்.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். 6 பேர் வரை தகவல் சொன்னால் போதும். 7-வது குழந்தைக்கு சம்மதமே வேண்டும். வாய்வார்த்தையாக 'சரிம்மா, நடத்திக்கோ' என்று ஓனர் சொன்னது பின்னால் சிக்கல் வந்தால் உதவாது.

வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கும் இதே விதிதான். 'எங்கள் காலனியில் டேகேர் கூடாது' என்று பத்திரத்திலோ சங்க விதியிலோ எழுதியிருந்தால் அது செல்லாது.

ஜோனிங் அனுமதி வேண்டாம் என்றால் உரிமமும் வேண்டாமா?

இல்லை. இரண்டும் வேறு வேறு. நகராட்சியின் இட அனுமதி தேவையில்லை. ஆனால், மாநில சமூக சேவைகள் துறையின் உரிமம் கட்டாயம். அண்டை வீட்டாரின் ஆட்சேபம் தடையாக வராமல் பார்த்துக்கொண்ட சட்டம், குழந்தையின் பாதுகாப்பில் எதையும் தளர்த்தவில்லை.

வீட்டில் குடியிருக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் கைரேகை கொடுத்து, குற்றப் பின்னணி இல்லை என்று உறுதியாக வேண்டும். டேகேரில் வேலை செய்யாத கணவருக்கும், கல்லூரிக்குப் போகும் மகனுக்கும் இது பொருந்தும். காசநோய் பரிசோதனை, தடுப்பூசிச் சான்றுகள், குழந்தைகளுக்கான முதலுதவி மற்றும் சிபிஆர் பயிற்சி ஆகியவையும் தேவை. வீட்டில் நீச்சல் குளம் இருந்தால், குழந்தைகள் நெருங்க முடியாதபடி பாதுகாப்பு செய்திருக்க வேண்டும்.

தீ பாதுகாப்பிலும் இரண்டு வகைக்கும் வேறுபாடு உண்டு. சிறிய டேகேரில் தீயணைப்புக் கருவி, புகை எச்சரிக்கைக் கருவி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஆகியவை இருக்க வேண்டும். பெரிய டேகேருக்கு இவற்றோடு தீ பாதுகாப்பு ஆய்வு நடந்து, அனுமதியும் கிடைக்க வேண்டும்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உள்ளது. ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது 1 லட்சம் டாலர், ஆண்டு மொத்தம் 3 லட்சம் டாலர் அளவுக்குப் பொறுப்புக் காப்பீடோ, அதற்கு ஈடான பத்திரமோ இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், 'இந்த டேகேருக்குக் காப்பீடு இல்லை என்று எனக்குத் தெரியும்' என ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். எனவே, சேர்க்கையின்போது நீட்டப்படும் காகிதக் கட்டில் எதில் கையெழுத்து போடுகிறீர்கள் என்று படித்துப் பாருங்கள்.

உரிமம் இல்லாமல் பார்த்துக்கொள்ளவே முடியாதா?

முடியும், ஒரு வரம்புக்குள். உங்கள் சொந்தக் குழந்தைகளோடு, வேறு ஒரே ஒரு குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. அந்தக் குடும்பத்தில் மூன்று குழந்தைகள் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால், இரண்டாவது குடும்பத்திலிருந்து ஒரு குழந்தை வந்து, அதற்குக் கட்டணமும் வாங்கினால் உரிமம் தேவைப்படும்.

'தெரிஞ்ச பசங்கதானே, நாலு வீட்டுப் பிள்ளைங்களைப் பார்த்துக்கறேன்' என்று தொடங்குவது இப்படித்தான் சட்டமீறலாக மாறுகிறது. யாராவது புகார் செய்தால் ஆய்வாளர் வருவார், அபராதமும் வரலாம்.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது

ஊரிலிருந்து பாட்டி வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பே ஏரியா தமிழ் வீடுகளில் வழக்கம். பார்வையாளர் விசாவில் வருபவர்களுக்குப் பொதுவாக ஒரு தடவைக்கு 6 மாதம் வரைதான் தங்க அனுமதி கிடைக்கும். பாட்டி ஊருக்குத் திரும்பியதும் அடுத்த தேடல், நம் சாப்பாடு கொடுக்கும், தமிழ் பேசும் வீட்டு டேகேர். அதனால் இதை நடத்த முன்வரும் பெண்களும் உண்டு.

இங்கே மாநிலச் சட்டத்தைவிடப் பெரிய தடை விசா. ஹெச்-4 விசாவில் இருப்பவர், வேலை அனுமதி அட்டை இல்லாமல் கட்டணம் வாங்கி டேகேர் நடத்த முடியாது. சுயதொழிலும் வேலைதான். 2015-ல் வந்த விதிப்படி, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட அல்லது 6 ஆண்டுகளைத் தாண்டி ஹெச்-1பி நீட்டிப்பு பெற்றவர்களின் துணைவருக்கு மட்டுமே அந்த அட்டை கிடைக்கும். ஹெச்-1பியில் இருப்பவர் தன்னை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். பார்வையாளர் விசாவில் வந்த பாட்டி, மற்றவர்களின் குழந்தைகளைப் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வதும் கூடாது.

மாநிலத்தின் டேகேர் உரிமம் கையில் இருந்தாலும், அது குடியேற்ற விதிகளிலிருந்து காப்பாற்றாது. பணமாக வாங்கினால் தெரியாது என்று நினைப்பது பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பத்தையே பாதிக்கலாம்.

ஏற்கெனவே உரிமத்தோடு நடத்துபவர்களுக்கும் ஒரு விஷயம். ஊரிலிருந்து பெற்றோர் வந்து மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால், அவர்களுக்கும் கைரேகைச் சோதனை தேவையா என்று உரிம அதிகாரியிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எல்லா மாநிலத்திலும் இதே விதியா?

இல்லை. குழந்தைகள் காப்பகச் சட்டமும் ஜோனிங் அதிகாரமும் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டு டேகேரைக் குடியிருப்பு மண்டலத்தில் நகராட்சி தடை செய்ய முடியாது. ஆனால், நேரக் கட்டுப்பாடு விதிப்பது, பெயர்ப் பலகைக்கு வரம்பு வைப்பது, அண்டை வீட்டாருக்குத் தகவல் சொன்னதற்கான ஆதாரம் கேட்பது போன்ற அதிகாரங்கள் உண்டு. நியூ ஜெர்சியிலும் குடியிருப்பு மண்டலங்களில் வீட்டு டேகேருக்குச் சட்ட அனுமதி உண்டு. ஆனால், அங்கே 5 குழந்தைகள் என்ற சிறிய அளவுக்குத்தான் அந்தப் பிரிவு.

எனவே, ஒரு மாநிலத்தில் இருக்கும் தோழி சொன்னதை வைத்து இன்னொரு மாநிலத்தில் தொடங்கக் கூடாது. முதலில் மாநிலத்தின் உரிமத் துறை, பிறகு நகராட்சியின் திட்டமிடல் அலுவலகம் என்று இரண்டு இடத்திலும் கேட்பதே பாதுகாப்பு.

பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்?

- உரிமம் இருக்கிறதா? சமூக சேவைகள் துறையின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். ஆய்வுகளில் என்ன குறை கண்டுபிடித்தார்கள் என்பதும் அங்கே தெரியும்.
- உரிமத்தில் எத்தனை குழந்தைகள்? நீங்கள் போகும்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள்.
- கைக்குழந்தைகள் எத்தனை பேர்? பெரிய டேகேர் என்றால் உதவியாளர் இருக்கிறாரா?
- காப்பீடு இருக்கிறதா, இல்லை என்ற காகிதத்தில் கையெழுத்து கேட்கிறார்களா?
- முன்கூட்டியே சொல்லாமல் போய்ப் பாருங்கள். குழந்தை அங்கே இருக்கும் நேரத்தில் உள்ளே சென்று பார்க்கப் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதற்குத் தயங்குகிற இடத்தில் யோசிக்க வேண்டும்.

அண்டை வீட்டார் என்ன செய்யலாம்?

அவர்களின் சங்கடமும் பொய்யில்லை. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குபவருக்கு பத்து குழந்தைகளின் சத்தம் தொல்லைதான். குறுகலான தெருவில் காலை நேரக் கார்களும் சிக்கல்தான்.

சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. மற்ற வீடுகளுக்குப் பொருந்தும் எல்லா விதிகளின் கீழும் புகார் கொடுக்கலாம். அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிகக் குழந்தைகள் இருந்தாலோ, உரிமமே இல்லையென்றாலோ மாநிலத் துறையிடம் தெரிவிக்கலாம். அது குழந்தைகளின் பாதுகாப்புக்கும் நல்லது.

நடைமுறையில், புகார் வரை போகாமல் பேசித் தீர்ப்பதே இரு தரப்புக்கும் எளிது. குழந்தைகள் வந்து இறங்கும் நேரத்தைக் கொஞ்சம் பிரித்து வைப்பது, வண்டியை எங்கே நிறுத்தக் கூடாது என்று பெற்றோருக்கு எழுதியே கொடுத்துவிடுவது, தோட்டத்தில் விளையாடும் நேரத்தைப் பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவைப்பது ஆகியவற்றை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஆனால், பல சண்டைகள் தொடங்காமலே போக இவை போதும்.